எத்தனை மணி நேரம் பறந்தால் விமானி ஆகலாம்?



சில வாரங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் இலட்சியம்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதப் பணித்திருந்தேன். வழக்கம்போல் பாதி வகுப்பு மருத்துவர்களால் நிரம்பியது. மூவர் காற்பந்து விளையாட்டாளர்கள். ஒருவன் மட்டும் விமானி. கட்டுரையின் நடுவே எழுந்து வந்து என் மேசையருகே நின்றான்.

"ஐயா, பைலட் லைசென்ஸ் எடுக்க எத்தனை மணி நேரம் படிக்கணும்?"

எங்கோ படித்த நினைவில் நாற்பது மணி நேரம் என்று சொல்லிவிட்டேன். அவன் விரல்விட்டுக் கணக்கிட்டான். "பள்ளிக்கூடத்துல ரெண்டு வாரம்கூட ஆகாதே ஐயா!" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று பள்ளி முடிந்து மகனை அழைத்துச் செல்ல வந்த தந்தை சிரிக்கவில்லை. கனவுந்து ஓட்டுநர் அவர். "நாற்பது மணி நேரந்தான்னு சொல்றான். உண்மையா ஐயா? அப்படின்னா நான் இப்பவே பணம் சேர்க்கத் தொடங்கலாமே" என்று கேட்டார். பொறுப்பில்லாமல் சொன்ன ஓர் எண்ணை நம்பி ஒருவர் தம் குடும்பச் செலவைத் திட்டமிடப் போகிறார் என்பது எனக்கு உறைத்தது. ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த ஒரு வாரம் மூன்று வாரமாகிவிட்டது. தேடிப் படித்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஆசிரியர்களாகிய நமக்கு இதில் நிறையவே இருக்கிறது.

'மணி நேரம்' என்னும் கணக்கு விமானம் பிறப்பதற்கு முன்பே பிறந்துவிட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ லிலியந்தால் இறக்கைகளைக் கட்டிக்கொண்டு குன்றுகளிலிருந்து சறுக்கிப் பறந்தவர். 1896 ஆகஸ்டு மாதத்தில் அவ்வாறு பறந்தபோது விழுந்து மறுநாள் உயிரிழந்தார். ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 1901 செப்டம்பரில் சிக்காகோ நகரில் பொறியாளர்கள் முன்னிலையில் உரையாற்றிய வில்பர் ரைட் ஒரு கணக்கை எடுத்துவைத்தார். லிலியந்தால் ஐந்தாண்டுக் காலம் பயிற்சி செய்தார். ஆனால் அவர் காற்றில் இருந்த நேரத்தை எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரமே வருகிறது! பத்துப் பத்து நொடிகளாக ஐந்து மணி நேரம் மிதிவண்டி பழகிய ஒருவர் நெரிசலான நகரத் தெருவில் ஓட்டத் துணிவாரா என்று அவர் கேட்டார். கேட்டவர் மிதிவண்டிக் கடைக்காரர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். எனவேதான் ரைட் சகோதரர்கள் இயந்திரத்தைப் பற்றிக் கவலைப்படும் முன்பே, கிட்டி ஹாக் மணல்மேடுகளில் நூற்றுக்கணக்கான முறை சறுக்கிப் பறந்து பழகினர். 1903 டிசம்பர் 17ஆம் நாளின் புகழ்பெற்ற 12 நொடிப் பறத்தலை நாம் அறிவோம். அதற்கு முன்னிருந்த பழக்கத்தைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

விமானம் ஓட்டக் கற்பிப்பதும் ஒரு தொழிலாகும் என்பதை முதலில் உணர்ந்தவர்களும் அவர்களே. 1908இல் அமெரிக்கத் தரைப்படை ரைட் சகோதரர்களிடம் விமானம் வாங்க ஒப்பந்தம் செய்தபோது, இருவருக்கு ஓட்டக் கற்பித்துத் தர வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தது. 1909 அக்டோபரில் மேரிலாந்து மாநிலத்தின் காலேஜ் பார்க் திடலில் லாம், ஹம்ப்ரீஸ் என்னும் இரு படை அதிகாரிகளுக்கு வில்பர் கற்பித்தார். ஆளுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். அவ்வளவுதான்! அம்மாத இறுதியில் இருவரும் தனியே பறந்தனர்.

மூன்றாவதாக ஒருவர் இருந்தார். பெஞ்சமின் பூலோய் என்பது அவர் பெயர். அவருக்குப் பயிற்சி முழுமை பெறவில்லை. தனியே பறந்ததும் இல்லை. இருந்தும் மேலிடம் அவரை விமானத்தோடு டெக்சாசுக்கு அனுப்பி, அங்கே தாமாகவே ஓட்டக் கற்றுக்கொள்ளும்படி ஆணையிட்டது. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஐயம் எழும்போதெல்லாம் ரைட் சகோதரர்களுக்குக் கடிதம் எழுதினார். அவர்களும் கடிதம் வழியே விடையளித்தனர். 1910 மார்ச் 2ஆம் நாள் அவர் முதன்முறையாகத் தனியே மேலெழும்பினார், முதன்முறையாகத் தனியே தரையிறங்கினார், முதன்முறையாக விபத்துக்கும் உள்ளானார். மூன்றும் ஒரே நாளில்! உலகில் அஞ்சல்வழிக் கல்வி பயின்ற முதல் விமானி தாமே என்று அவர் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாராம். பெருந்தொற்றுக் காலத்தில் இணைய வகுப்பு நடத்திய நமக்கு அவர்மீது தனி அன்பு பிறப்பதில் வியப்பில்லை.

இதே காலத்தில் ஐரோப்பாவில் உரிமம் என்னும் வழக்கம் தோன்றியது. அதை வழங்கியவை அரசுகள் அல்ல, வானூர்திக் கழகங்கள். பிரெஞ்சுக் கழகம் முதல் உரிமங்களை வழங்கியபோது, ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த முன்னோடிகளை அகரவரிசைப்படி அடுக்கி எண் கொடுத்தது. அதனால் ஆங்கிலக் கால்வாயை 1909இல் கடந்த பிளேரியோவுக்கு 1ஆம் எண் கிடைத்தது. உலகிற்கே பறக்கக் காட்டிய ரைட் சகோதரர்கள் பட்டியலின் பின்பகுதிக்குப் போய்விட்டனர். வருகைப் பதிவேட்டில் எப்போதும் கடைசியில் நிற்கும் பிள்ளைகளுக்கு இச்செய்தியைச் சொல்லலாம்.

கழகங்கள் எல்லாம் 1905இல் நிறுவப்பட்ட அனைத்துலகச் சம்மேளனத்தின்கீழ் ஒரே தேர்வைக் கைக்கொண்டன. 1911ஆம் ஆண்டளவில் அத்தேர்வு இப்படி இருந்தது: இரண்டு கம்பங்களை நட்டு, அவற்றைச் சுற்றி எட்டு வடிவில் ஐந்து கிலோமீட்டர் பறக்க வேண்டும்; அவ்வாறு இருமுறை. ஐம்பது மீட்டர் உயரம் எட்ட வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, குறித்த இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இறங்க வேண்டும். தேர்வாளர் தரையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை மணி நேரம் பழகினாய் என்று எவரும் கேட்டதில்லை. செய்துகாட்டினால் உரிமம்!

இத்தேர்வு எளிமையானதுதான். ஆனாலும் ஒரு நேர்மை அதில் இருந்தது. கம்பத்திற்கு ஆண், பெண் வேறுபாடு தெரியாது. தோலின் நிறம் தெரியாது. 1910 மார்ச் 8ஆம் நாள் ரேமோந்து டி லாரோஷ் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி உரிமம் பெற்று, உலகின் முதல் பெண் விமானியாகப் பதிவானார். கறுப்பினத்தவர் என்பதாலும் பெண் என்பதாலும் அமெரிக்காவில் எந்தப் பயிற்சிப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத பெஸ்ஸி கோல்மன், சிக்காகோவில் முடிதிருத்தும் கடையில் நக அழகுத் தொழில் செய்துகொண்டே பிரெஞ்சு மொழியைக் கற்றார். கடல் கடந்து பிரான்சுக்குச் சென்று 1921 ஜூன் 15ஆம் நாள் உரிமம் பெற்றார். தேர்வுக்கூடத்தின் உள்ளே எல்லாரும் சமம். ஆனால் வாசல்வரை வருவதற்கு ஒருவர் இன்னொரு மொழியையே கற்க வேண்டியிருந்தது.

அத்தேர்வின் குறையை முதலாம் உலகப்போர் வெளிப்படுத்தியது. அமைதியான மாலை வேளையில் கம்பத்தைச் சுற்றத் தெரிந்த இளைஞர்கள், இருபது மணி நேரம்கூடப் பறந்திராத நிலையில் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். எதிரியின் கண்ணில் படும் முன்பே பயிற்சித் திடல்களில் மாண்டவர்கள் ஏராளம். பிரிட்டனின் ராபர்ட் ஸ்மித்-பேரி என்னும் படைத்தளபதி இதைக் கண்டு மனம் பொறாமல் மேலிடத்துடன் வாதிட்டார். 1917இல் கோஸ்போர்ட் என்னும் ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளி அவர் பொறுப்பில் வந்தது. இவரைப் பற்றிப் படித்தபோது, ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நமக்குக் கல்வி உளவியல் கற்பித்தவர்கள் ஏன் இவர் பெயரைச் சொல்லவில்லை என்று எண்ணினேன்.

அவர் காலம்வரை, விமானம் கட்டுப்பாடிழந்து சுழன்று விழும் நிலையைப் பற்றி மாணவர்களிடம் சொல்லப்பட்டது ஒன்றே: அங்கே போகாதே. ஸ்மித்-பேரி அதைத் தலைகீழாக மாற்றினார். ஆசிரியர் உடனிருக்க, போதுமான உயரத்தில், மாணவனை வேண்டுமென்றே அந்நிலைக்குக் கொண்டு சென்றார். மீண்டு வருவது எப்படி என்று செய்ய வைத்தார். இருவருக்கும் தனித்தனியே கட்டுப்பாட்டுக் கருவிகள் பொருத்திய ஆவ்ரோ 504 விமானத்தைப் பயன்படுத்தினார். இயந்திர இரைச்சலில் ஆசிரியர் பேசுவது கேட்க வேண்டுமே? அதற்கு ஒரு பேச்சுக்குழாயைப் பொருத்தினார். அதற்குக் கோஸ்போர்ட் குழாய் என்றே பெயராகிவிட்டது. மாணவன் ஏன் தவறினான் என்று, தவறும் அந்தக் கணத்திலேயே ஆசிரியர் சொல்ல முடிந்தது. திருத்திய கட்டுரையைப் பத்து நாள் கழித்துத் திருப்பிக் கொடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சற்றுச் சுடும் செய்தி.

போர் முடிந்ததும் 1919 அக்டோபரில் பாரிசில் நாடுகள் கூடி வான்வழிப் போக்குவரத்துக்கு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பின்னிணைப்பு ஒன்று விமானிகளுக்கான தகுதிகளை வரையறுத்தது. பயணிகளை ஏற்றிச் செல்வோர் முந்நூறு கிலோமீட்டர் தொலைவு பறந்து திரும்ப வேண்டும். இரவில் அரைமணி நேரம் பறக்க வேண்டும். மருத்துவச் சான்றும் வேண்டும். கழகத்தின் பாராட்டுச் சான்றாக இருந்தது இப்போது சட்டமாயிற்று. அமெரிக்கா அவ்வுடன்படிக்கையில் சேராமல் 1926இல் தனிச்சட்டம் இயற்றியது. முதல் உரிமத்தை ஓர்வில் ரைட்டுக்கு வழங்க முன்வந்தபோது, தாம் இப்போது பறப்பதில்லை என்று அவர் மறுத்துவிட்டார். எனவே 1927 ஏப்ரல் 6ஆம் நாள் அத்துறையின் தலைவராக இருந்த வில்லியம் மெக்கிராக்கன் 1ஆம் எண் உரிமத்தைப் பெற்றார். உலகின் முதல் விமானி அரசு உரிமம் இல்லாமலேயே இருந்துவிட்டார்!

இனி மேகத்திற்குள் செல்வோம்.

ஒரு சிறு சோதனை. சுழலும் நாற்காலியில் ஒருவரைக் கண்ணைக் கட்டி உட்காரவைத்து ஒரே சீராகச் சுழற்றுங்கள். சற்று நேரத்தில் 'நின்றுவிட்டது' என்பார். நிறுத்தினால் 'எதிர்ப்பக்கம் சுழல்கிறது' என்பார். எங்கள் ஆசிரியர் அறையில் செய்து பார்த்தோம். இருபது ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர் அடித்துப் பேசினார், நாற்காலி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இதே சோதனையை 1926இல் டேவிட் மையர்ஸ் என்னும் படை மருத்துவர் வில்லியம் ஆக்கர் என்னும் அனுபவமிக்க விமானிக்குச் செய்தார். ஆக்கரும் ஏமாந்தார். அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது உடலின் உணர்வு பொய் சொல்கிறது. அனுபவசாலியின் உடலும் பொய்தான் சொல்கிறது. மேகத்திற்குள் புகுந்த விமானிகள் ஏன் வெளியே வரவில்லை என்பதற்கு அந்த நாற்காலியே விடை சொன்னது. 1929 செப்டம்பர் 24ஆம் நாள் ஜிம்மி டூலிட்டில், திரையால் மூடப்பட்ட இருக்கையில் அமர்ந்து, கருவிகளை மட்டுமே பார்த்து மேலெழும்பி, பறந்து, தரையிறங்கிக் காட்டினார்.

வழி தெரிந்துவிட்டது, ஆனால் எல்லாரும் அதைக் கற்க வேண்டும் என்று எவரும் வற்புறுத்தவில்லை. 1934 பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியாரிடமிருந்து வான் அஞ்சல் பணியைப் பறித்துப் படை விமானிகளிடம் கொடுத்தது. குளிர்காலம், இரவு, பனிமூட்டம். கருவிப் பயிற்சி போதாத இளைஞர்கள் சில வாரங்களுக்குள் ஒருவர்பின் ஒருவராக விழுந்து மடிந்தனர். அதன்பிறகே எட்வின் லிங்க் என்பவரின் கருவியை நோக்கிக் கண்கள் திரும்பின. அவர் குடும்பம் இசைக்கருவிகள் செய்யும் தொழிலில் இருந்தது. ஆர்கன் இசைக்கருவியின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு, தரையிலேயே நின்றபடி சாயவும் திரும்பவும் கூடிய ஒரு சிறு விமானப் பெட்டியை அவர் செய்திருந்தார். கேளிக்கைப் பூங்காக்களில் விளையாட்டுப் பொருளாகவே அதுவரை அது விலைபோயிற்று. அவ்வாண்டு படை அதில் ஆறு வாங்கியது. இன்றைய சிமுலேட்டர்களுக்கு அதுவே மூதாதை.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிப் பயிற்சி இல்லாத இருபது விமானிகளுக்கு வெளியுலகம் தெரியாதபடி செய்து, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். சராசரி நேரம் 178 நொடிகள். மூன்று நிமிடங்கூட இல்லை!

உரிமம், ரேட்டிங் என்னும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்தத் தந்தைக்கும் இதை விளக்கத்தான் எனக்கு நெடுநேரம் பிடித்தது. நாம் ஆசிரியர் சான்றிதழ் பெறுகிறோம்; ஆனால் தமிழுக்கோ கணிதத்திற்கோ உடற்கல்விக்கோ தனித்தகுதி உண்டு அல்லவா? அதுபோல, உரிமம் என்பது பறக்கலாம் என்னும் பொது அனுமதி. அதன்மேல் ஏற்றப்படும் கூடுதல் தகுதியே ரேட்டிங். கருவிகளை மட்டும் பார்த்து மேகத்தினுள் பறக்க ஒன்று. ஒன்றுக்கு மேற்பட்ட இயந்திரமுள்ள விமானத்துக்கு ஒன்று. பெரிய விமானங்களில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே ஒன்று. பிறருக்குக் கற்பிக்க ஒன்று. இவற்றுள் மிகப் பலவற்றின் பின்னால் ஒரு சவக்குழி இருக்கிறது.

1944 டிசம்பர் 7ஆம் நாள் சிக்காகோ உடன்படிக்கை கையெழுத்தாகி, ஐ.சி.ஏ.ஓ. எனப்படும் அனைத்துலகப் பொது வான்போக்குவரத்து அமைப்பு உருவானது. உரிமங்களைப் பற்றிய அதன் முதலாம் இணைப்பு 1948 ஏப்ரலில் ஏற்கப்பட்டது. இன்று மலேசியாவோ சிங்கப்பூரோ வழங்கும் உரிமமும் அந்த இணைப்பை அடித்தளமாகக் கொண்டதுதான். அது கூறும் குறைந்தபட்ச அளவுகள் இவை. தனியார் விமானி உரிமத்திற்கு வயது 17, பறந்த நேரம் 40 மணி. நான் சொன்னது இதைத்தான். ஆனால் இவ்வுரிமத்தை வைத்துக்கொண்டு கூலி வாங்கிப் பறக்க முடியாது. வாணிக விமானி உரிமத்திற்கு வயது 18, நேரம் 200 மணி. ஏற்புப் பெற்ற முழுநேரப் பயிற்சியாயின் 150. பெரிய பயணிகள் விமானத்தில் தலைமை விமானியாக அமர்வதற்குரிய உரிமத்துக்கு 1,500 மணி. இவற்றுடன் வான் சட்டம், வானிலை, வழிகாணல், விமானத்தின் இயக்கவியல், மனிதச் செயற்பாடு முதலிய பாடங்களில் எழுத்துத் தேர்வுகளும் உண்டு. விமான நிறுவனத்தில் சேர்ந்த பிறகும் ஆண்டுக்கு இருமுறை திறன் சோதனை. நம்மையும் ஆண்டுக்கு இருமுறை வகுப்பில் நிற்கவைத்து, தேறாவிட்டால் சுண்ணக்கட்டியைப் பிடுங்கிக்கொள்வார்களானால் எப்படியிருக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தேன். எண்ணிப் பார்த்ததோடு விட்டுவிட்டேன்.

மொழியாசிரியனாகிய என்னை மிகவும் கட்டிப்போட்டது அடுத்த பகுதி.

1977 மார்ச் 27ஆம் நாள் கேனரித் தீவுகளின் டெனெரிபே விமான நிலையத்தில் பனிமூட்டம். டச்சு நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஒன்று ஓடுபாதையின் முனையில் நின்றது. அமெரிக்க நிறுவனத்தின் ஜம்போ ஒன்று அதே ஓடுபாதையில் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. டச்சு விமானத்திலிருந்து வானொலியில் வந்த ஆங்கிலத் தொடரை, 'மேலெழும்பும் இடத்தில் நிற்கிறோம்' என்றும் கொள்ளலாம், 'மேலெழும்பிக் கொண்டிருக்கிறோம்' என்றும் கொள்ளலாம். கட்டுப்பாட்டாளர் முதற்பொருளைக் கொண்டு 'சரி' என்றார். விமானம் ஓடிக்கொண்டிருந்தது. 583 பேர் மாண்டனர். பேசியவரின் தாய்மொழி இலக்கணம் ஆங்கிலத்திற்குள் புகுந்ததால் அத்தொடர் அவ்வாறு அமைந்தது என்று மொழியியலாளர் சிலர் கருதுகின்றனர். அதன்பிறகு, மேலெழும்ப அனுமதி வழங்கும்போதும் அதனை மீட்கும்போதும் மட்டுமே 'டேக் ஆஃப்' என்னும் சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்னும் வழக்கம் நிலைபெற்றது.

1990 ஜனவரி 25ஆம் நாள். கொலம்பியாவின் ஏவியாங்கா நிறுவன விமானம் நியூயார்க்கில் இறங்குவதற்காக ஒரு மணி நேரத்திற்கும் மேலாகக் காத்திருந்து வட்டமிட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. விமானிகள் 'முன்னுரிமை வேண்டும்' என்றார்கள். 'எரிபொருள் குறைகிறது' என்றார்கள். 'அவசரநிலை' என்னும் ஒரு சொல்லை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கு அந்த ஒரு சொல்தான் மணியடிக்கும் சொல். விமானம் லாங் தீவில் விழுந்து 73 பேர் இறந்தனர். ஒருபொருட் பன்மொழி என்று நாம் வகுப்பில் இலேசாகச் சொல்லிவிட்டுப் போகிறோம். இரண்டு சொற்கள் ஒரே பொருளைத் தருவதில்லை என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா?

1996 நவம்பர் 12ஆம் நாள் இந்தியாவின் சர்க்கி தாத்ரி வான்வெளியில் சவுதி விமானமும் கசாக்ஸ்தான் விமானமும் மோதிக்கொண்டன. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கசாக் விமானம் தனக்குக் குறித்த 15,000 அடிக்குக் கீழே இறங்கியிருந்தது. அக்குழுவினரின் ஆங்கிலப் புரிதல் போதாமையும் விசாரணையில் பேசப்பட்டது. இதற்குப் பின்னரே ஐ.சி.ஏ.ஓ. மொழித்திறனை உரிமத்தின் நிபந்தனையாக்கியது. விதி 2003இல் ஏற்கப்பட்டு, 2008 மார்ச்சில் நடப்புக்கு வந்தது. சில நாடுகளுக்கு 2011வரை அவகாசம் கிடைத்தது.

இந்த மொழித்தேர்வைக் கவனியுங்கள். ஒலிப்பு, தொடரமைப்பு, சொல்வளம், சரளம், புரிதல், உரையாடல் என ஆறு கூறுகள். ஒவ்வொன்றிலும் ஆறு நிலைகள். நம் வகுப்பறை மதிப்பீட்டின் ஆறு அடைவுநிலைகளைப் போலவே! குறைந்தது நான்காம் நிலை வேண்டும். நான்கில் இருப்பவர் மூன்றாண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்கப்படுவார். ஐந்தில் இருப்பவர் ஆறாண்டுக்கு ஒருமுறை. எல்லாவற்றிலும் முக்கியமானது, இங்கே சராசரி கிடையாது. ஐந்து கூறுகளில் ஆறாம் நிலையும் புரிதலில் மூன்றாம் நிலையும் பெற்றால் அவருடைய நிலை மூன்றுதான். நாமோ எழுத்தில் பெற்ற புள்ளியைக் கேட்டலின் குறையோடு கூட்டி வகுத்து, 'நன்று' என்று எழுதி அனுப்பிவிடுகிறோம். உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் இருப்பது குற்றமன்று; அது புரிதலைக் கெடுத்தால்தான் குற்றம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் மரபுத்தொடர்களைத் தவிர்த்து எளிமையாகப் பேசும் பொறுப்புடையவர்கள். பெற்றோர் சிலர் 'தமிழ்ப்பள்ளியில் படித்தால் ஆங்கிலம் வராதே' என்று கவலைப்படுவர். ஓர் ஐயத்தை ஒரே பொருள்படக் கேட்கவும், சொல்லியதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளவும் எந்த மொழியில் பழகினாலும் அந்தப் பழக்கம் அடுத்த மொழிக்கும் கூடவே செல்லும் என்பது என் வகுப்பறை அனுபவம்.

பேச்சு என்றதும் இன்னொன்று. 1978 டிசம்பர் 28ஆம் நாள் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகருக்கருகே ஒரு விமானத்தின் தலைமை விமானி சக்கரக் கோளாறு ஒன்றிலேயே மூழ்கியிருந்தார். எரிபொருள் தீர்வதை உடனிருந்தவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அவர் காதில் விழும்படி வலியுறுத்திச் சொல்லவில்லை. பத்துப் பேர் இறந்தனர். மூத்தவரிடம் இளையவர் அஞ்சாமல் எடுத்துச் சொல்வதும், மூத்தவர் செவிசாய்ப்பதும் பயிற்சியின் பகுதியானது இதன் பின்னரே. 'பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே' என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். இதை வகுப்பில் எப்படிக் கையாள்வது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை.

2009ஆம் ஆண்டில் மணிக்கணக்கு மீண்டும் அரங்கேறியது. அவ்வாண்டு பிப்ரவரி 12ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகருக்கருகே ஒரு சிறு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். ஜூன் 1ஆம் நாள் ஏர் பிரான்ஸ் விமானம் அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தனர். இரண்டிலும் விமானம் வேகம் குறைந்து, மூக்கு மிக உயர்ந்து, இறக்கைகள் தாங்கும் ஆற்றலை இழந்தன. அப்போது செய்ய வேண்டியது மூக்கைத் தாழ்த்துவது. அச்சத்தில் கை செய்வதோ மேலே இழுப்பது. இரண்டு விமானங்களிலும் கை மேலேதான் இழுத்தது. ஸ்மித்-பேரி கற்பித்த பாடம் இதற்கு நெருங்கிய உறவுதானே? சுழன்று விழுந்து மீளும் பயிற்சியை அமெரிக்கா 1949இல் தனியார் விமானிகளின் கட்டாயப் பாடத்திலிருந்து நீக்கியிருந்தது. அதற்கும் காரணம் இருந்தது. அப்பயிற்சியின்போதே பலர் விழுந்தனர். அந்நிலைக்குச் செல்லாமல் தடுப்பதைக் கற்பித்தால் போதும் என்று கருதினர்.

அமெரிக்க நாடாளுமன்றம் 2010இல் சட்டம் இயற்றியது. 2013 முதல் அங்கே துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணி நேரம் தேவை என்றாயிற்று. இதில் ஒரு கசப்பு உண்டு. பஃபலோவில் விழுந்த விமானத்தின் தலைமை விமானி 3,379 மணியும் துணை விமானி 2,244 மணியும் பறந்திருந்தவர்கள்! ஐ.சி.ஏ.ஓ. 2006இலேயே வேறு பாதை ஒன்றைத் திறந்திருந்தது. பன்னோட்டுநர் உரிமம் என்று அதைச் சொல்லலாம்; சிமுலேட்டர் நேரத்தையும் சேர்த்து 240 மணி. எத்தனை மணி என்பதைவிட எந்தத் திறனை எந்த அளவுக்கு அடைந்தான் என்று படிப்படியாக அளக்கும் முறை அது. 2014 முதல், நிலைகுலைந்த விமானத்தை மீட்கும் பயிற்சியும் ஐ.சி.ஏ.ஓ. விதிகளில் இடம்பெற்றது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டதிலிருந்து நம் ஆசிரியர் அறைகளில் நடக்கும் அதே வழக்குத்தான் அங்கேயும் நடக்கிறது. ஒரு தரப்பு எண்ணைக் கேட்கிறது. மறுதரப்பு அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது என்கிறது. லிலியந்தாலின் ஐந்து மணி நேரத்தைக் கணக்கிட்ட வில்பர் ரைட் எத்தரப்பில் நிற்பார் என்று நான் யோசித்ததுண்டு. அவர் எண்ணையும் கேட்டார்; பத்துப் பத்து நொடிகளாகவா என்றும் கேட்டார்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தந்தையிடம் இவற்றைச் சுருக்கிச் சொன்னேன். நாற்பது என்பது தொடக்கம். தொழிலாகக் கொள்ள இருநூறு அல்லது நூற்றைம்பது. அதன்மேல் கருவிப் பறத்தல், விமான வகை என்று கூடுதல் தகுதிகள். பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டும் முன்பு முதல்வகை மருத்துவச் சோதனையை முடித்துவிடும்படி சொன்னேன். நிறக்குருடு போன்ற குறை இருந்தால் பிற்பாடு அறிந்து பயனில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். "அப்படின்னா முதல்ல கண்ணு" என்றார். அடுத்த சனிக்கிழமையே மகனைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வதாகவும் சொன்னார்.

மறுவாரம் அவன் கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொண்டுவந்தான். நாற்பது என்றிருந்த இடத்தில் கோடிட்டு அடித்து, 1,500 என்று பெரிதாக எழுதியிருந்தான். கட்டுரை முழுவதும் 'விமாணி' என்றே இருந்தது. எண்ணைத் தொடாமல், ணகரத்தை மட்டும் எல்லா இடங்களிலும் திருத்திக் கொடுத்தேன்.